கதவு திறக்குமுன் கேட்கும் காசு

(மேற்படிப்புக்கும் தொழிலுக்குமாக இங்கிலாந்து செல்லவிருப்போர்க்கும் அவர்தம் பெற்றோர்க்குமெனக் கூட்டப்பெற்ற யாழ்ப்பாணக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய உரிமைகளைப் பற்றி மேடைதோறும் பேசிப் பழகிய நாம், இன்று அறை வாடகையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். "இதுவும் ஓர் அரசியல் விடயமா?" என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். ஒருவன் உழைத்த பணத்தை இன்னொருவன் எந்த உரிமையின் பேரில் வாங்குகிறான் என்ற கேள்வி அரசியல் இல்லையென்றால் வேறு எதனை நாம் அரசியல் என்பது?

இலண்டன் மாநகரிலே ஈஸ்ற்ஹாமிலோ ஹரோவிலோ ரூட்டிங்கிலோ ஓர் அறையின் திறப்பை வாங்குவதற்காக நம் பிள்ளை எண்ணிக் கொடுக்கும் பவுண் அந்த மண்ணில் விளைந்ததன்று. வடமராட்சியில் ஒரு காணி ஈடு வைக்கப்பட்டது. வலிகாமத்தில் ஒரு தாயின் தாலிக்கொடி வங்கிப் பெட்டகத்துக்குப் போயிற்று. தீவகத்தில் ஒரு தகப்பன் வட்டிக்காரன் வாசலில் நின்றான். அந்தப் பணத்தைத்தான் பிள்ளை போய் இறங்கிய முதல் வாரத்திலே, ஊர் தெரியாமல், சட்டம் தெரியாமல், குளிருக்கு அஞ்சி, கேட்டவனிடம் கேட்டபடி கொடுத்து விடுகிறது. ஆதலினாலேதான் இலண்டன் வாடகைச் சட்டத்தை யாழ்ப்பாணத்தில் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் அங்கிருந்து தொலைபேசியில் நம்மிடம் ஆலோசனை கேட்டார். ஈஸ்ற்ஹாமில் ஓர் அறை. சொந்தக்காரர் அவ்வீட்டில் குடியிருப்பவர் அல்லர். மாத வாடகை 650 பவுண். திறப்பைக் கையில் கொடுக்குமுன் முகவர் கேட்டவை இவை: பதிவுக் கட்டணம் 150 பவுண், கடதாசிச் செலவு 90 பவுண், பிணைப்பணம் இரண்டு மாத வாடகை, அதாவது 1,300 பவுண். அனைத்தும் ரொக்கம். "பற்றுச்சீட்டு வாங்கினீரா, தம்பி?" என்று கேட்டோம். "இல்லை ஐயா, அவர் எங்கள் ஊர்க்காரர். எப்படிக் கேட்பது?" என்றார் அவர்.

இந்த ஒரு மறுமொழியிலே இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று சட்டம் அறியாமை. மற்றது ஊர்ப்பாசத்தைப் பற்றுச்சீட்டாக எண்ணும் பேதைமை. முதலாவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பெயர் மாறும், பணம் மாறாது

வாடகை என்பது ஒரு வீட்டில் இருப்பதற்குக் கொடுக்கும் விலை. அந்த விலைக்கு மேலே, வீட்டுக்குள் நுழைவதற்கென்று ஒரு தனிக் காசு கேட்பது நேற்று முளைத்த வழக்கமன்று. அதைத் தடுக்கும் சட்டமும் புதியதன்று. 1915ஆம் ஆண்டிலே, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், கிளாஸ்கோ நகரத்து வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் முதலான பெண்கள் தெருத் தெருவாகத் திரண்டு வாடகை கொடாப் போராட்டம் நடத்தினர். அவ்வாண்டு முடியுமுன் பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. வீட்டைக் கொடுப்பதற்கு நிபந்தனையாக வாடகைக்கு மேலாக எந்த மேற்பணமும் கேட்கலாகாது என்ற விதி அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சிந்தனை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1948இல் அதன் வழிவந்த சட்டம், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்று அது இங்கே தொடர்ந்த கதை தனிக் கதை. அதற்கு இன்று நேரமில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைக் கவனியுங்கள். மேற்பணம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொன்னவுடன் சொந்தக்காரர் மேற்பணம் கேட்பதை நிறுத்தினர். அறையில் கிடந்த பழைய நாற்காலியையும் கிழிந்த திரைச்சீலையையும் கொள்ளை விலைக்கு விற்கத் தொடங்கினர்! "வீடு வேண்டுமா? தளபாடத்தையும் வாங்கிக்கொள்" என்றனர். அதற்கும் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. 1977ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு மேற்பணத்தைத் தடுத்தது. 123ஆம் பிரிவு, தளபாடத்துக்கு நியாய விலைக்கு மேல் கேட்பதையும் மேற்பணமாகவே கொள்ளச் செய்தது.

முகவர்களின் கதை இன்னும் சுவையானது. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய இலண்டனில், வீடு தேடி அலைந்தவர்களிடம் பெயரைப் பதிவதற்கும் முகவரியைக் கொடுப்பதற்கும் காசு பறித்த முகவர் கூட்டம் ஒன்று இருந்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவ்விரண்டையும் குற்றமாக்கிற்று. பதிவுக்குப் பணமா? குற்றம். முகவரிக்குப் பணமா? குற்றம். நல்லது. ஆனால் முகவர், "நான் பதிவுக்கும் கேட்கவில்லை, முகவரிக்கும் கேட்கவில்லை, வீடு பிடித்துக் கொடுத்ததற்கு அல்லவா தரகு கேட்கிறேன்" என்றால் என் செய்வது? மேன்முறையீட்டு நீதிமன்று ஒரு வழக்கில் குடியிருப்பவர் பக்கம் நின்றது. ஆயின், 1974இல் பிரபுக்கள் சபை வேறொரு வழக்கில் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. குடியிருக்க வீடு உண்மையிலேயே கிடைத்து, அதன்மேல் கேட்கப்படும் தரகை அச்சட்டம் தடுக்கவில்லை என்று தீர்ந்தது.

சட்டம் பயின்றவர்கள் இதை நின்று சிந்திக்க வேண்டும். பிரபுக்கள் சபையை நாம் குறை கூறவில்லை. சட்டத்தின் சொற்கள் அவ்வளவுதான் சென்றன. குறை, சட்டம் வரையப்பட்ட முறையிலே இருந்தது. இன்னின்ன கட்டணம் ஆகாது என்று பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாத பெயர் ஒன்றை மறுநாளே கண்டுபிடிப்பார்கள். பெயர்களுக்கா பஞ்சம்? விசாரணைக் கட்டணம், ஆவணக் கட்டணம், பொருட்பட்டியல் கட்டணம், நுழைவுக் கட்டணம், வெளியேற்றக் கட்டணம், புதுப்பித்தற் கட்டணம்! 1988ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் வந்த பின், புதிய குத்தகைகளுக்கு அந்தப் பழைய மேற்பணத் தடையும் இல்லாது போயிற்று. வாய்க்காலை அடைத்திருந்த கல்லும் அகன்றது. ஒரே பொருட்பட்டியலுக்குச் சொந்தக்காரரிடமும் காசு, குடியிருப்பவரிடமும் காசு என்று இருபுறமும் வாங்கிய முகவர்கள் இருந்தனர்.

2015இல் ஒரு பரிகாரம் செய்தார்கள். முகவர்கள் தம் கட்டணங்களை அலுவலகத்திலும் இணையத் தளத்திலும் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும் என்றது சட்டம். எழுதி வைத்தார்கள். வழிப்பறிக்காரன் தன் விலைப்பட்டியலைச் சந்தியிலே தொங்கவிட்டால் வழிப்போக்கனுக்கு என்ன இலாபம்? விலை பார்த்து வேறு முகவரிடம் போகலாமே என்றார்கள். பிள்ளை தேடுவது முகவரையன்று, அறையை! அந்த அறை எந்த முகவர் கையில் இருக்கிறதோ அவரிடந்தான் போயாக வேண்டும். முகவரைத் தெரிந்தெடுப்பவர் வீட்டுச் சொந்தக்காரர். தெரிந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் இடத்தில் போட்டி விலையைக் குறைக்காது.

ஸ்கொத்லாந்து இந்த விடயத்தில் முன்னே சென்றிருந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அங்கு மேற்பணத் தடை இருந்தது. அது முகவர் கட்டணங்களையும் தடுக்கிறதென்பது 2012 நவம்பர் 30 முதல் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாக்கப்பட்டது. இங்கிலாந்திலும் அவ்வாறே செய்ய வேண்டுமென்று வாடகைக் குடியிருப்போர் இயக்கங்கள் விடாது குரல் எழுப்பின. 2016 நவம்பர் 23ஆம் நாள் நிதி அமைச்சர் பிலிப் ஹமொண்ட் பாராளுமன்றத்தில் தடையை அறிவித்தார். சட்டம் 2019 பெப்ரவரி 12இல் அரச இசைவு பெற்றது. அவ்வாண்டு யூன் 1ஆம் நாள் முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 யூன் 1 முதல் ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. அதுவே 2019ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்போர் கட்டணச் சட்டம்.

சட்டத்தின் தலைகீழ்

இந்தச் சட்டத்தின் உயிர் அதன் 3ஆம் பிரிவிலே இருக்கிறது. 1953இன் முறையை அது தலைகீழாகப் புரட்டிற்று. இன்னது ஆகாது என்று அது பட்டியலிடவில்லை. குடியிருப்பின் பேரில் கேட்கப்படும் எந்தக் கொடுப்பனவும் ஆகாது. ஆகுமென்று முதலாம் அட்டவணையில் எழுதப்பட்டவை மட்டுமே ஆகும் என்றது. எவ்வளவு பெரிய மாற்றம்! பதிவுக் கட்டணம் ஏன் தவறு என்று பிள்ளை நிறுவத் தேவையில்லை. "ஐயா, அட்டவணையில் எந்த வரியின் கீழ் இதைக் கேட்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். புதுப் பெயர் எத்தனை கண்டுபிடித்தாலும் அந்தப் பெயர் அட்டவணையில் இல்லை.

அட்டவணையில் என்னதான் இருக்கிறது? வாடகை இருக்கிறது. பிணைப்பணம் இருக்கிறது. வீட்டை நமக்கென நிறுத்தி வைக்கக் கொடுக்கும் அச்சாரம் இருக்கிறது. நகரசபை வரி, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைக்காட்சி அனுமதி, தொலைத்தொடர்பு ஆகியவை ஒப்பந்தப்படி நம் தலையில் விழுந்தால் கொடுக்க வேண்டியவை. குடியிருப்பவர் தாமே கேட்டு ஒப்பந்தத்தை மாற்றினால் 50 பவுண் வரை கேட்கலாம்; உண்மையான நியாயச் செலவு அதைவிட அதிகமென்று காட்டினால் அந்தச் செலவைக் கேட்கலாம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தாமே விலக விரும்பினால் அதனால் நேரும் நட்டத்தைக் கேட்கலாம். திறப்பைத் தொலைத்தால் புதுத் திறப்பின் நியாய விலையை எழுத்துமூலச் சான்றோடு கேட்கலாம். வாடகை 14 நாளோ அதற்கு மேலோ பிந்தினால், இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 3 வீதம் வரை வட்டி கேட்கலாம். பிந்திய நாள் ஒன்றுக்கு இவ்வளவு தண்டமென்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களே சிலர், அதற்கு இடமில்லை.

வேறொரு தந்திரத்தையும் சட்டம் முன்கூட்டியே கண்டுகொண்டது. கட்டணம் தடுக்கப்பட்டால் முதல் மாத வாடகையை மட்டும் ஏற்றி அதற்குள் கட்டணத்தை ஒளித்து வைக்கலாமல்லவா? பின்வரும் மாதங்களைவிட முதல் மாதத்தில் கூட்டி வாங்கும் தொகையும் தடுக்கப்பட்ட பணமே.

பிணைப்பணத்துக்கு எல்லை ஐந்து வார வாடகை. ஆண்டு வாடகை 50,000 பவுணோ அதற்கு மேலோ ஆனால் ஆறு வாரம். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை வேண்டாம். அச்சாரத்துக்கு எல்லை ஒரு வார வாடகை. ஒரு வார வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்பதிலே ஒரு சிறு களவு நடக்கிறது. மாத வாடகையை நான்கால் பிரிப்பார்கள். அது பிழை. மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி ஐம்பத்திரண்டால் பிரிக்க வேண்டும். நம் இளைஞரின் 650 பவுணைப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 7,800. ஐம்பத்திரண்டால் பிரித்தால் வாரத்துக்கு 150. ஐந்து வாரத்துக்கு 750. நான்கால் பிரித்திருந்தால் 162 பவுண் 50 பென்ஸ். ஐந்து வாரத்துக்கு 812 பவுண் 50 பென்ஸ். கணக்குப் பிழை போலத் தோன்றும் இடத்திலே 62 பவுண் 50 பென்ஸ் போய்விடுகிறது.

ஆக, அவரிடம் வாங்கக் கூடிய பிணைப்பணம் 750 பவுண். வாங்கியது 1,300. மிகை 550. பதிவுக் கட்டணமும் கடதாசிச் செலவும் சேர்ந்து 240. முழுத் தொகையிலே 790 பவுண் சட்டத்துக்குப் புறம்பாகப் பறிக்கப்பட்டது. ஒரு மாத வாடகையிலும் கூடிய தொகை இது!

"நான் ஒப்பந்தத்திலே கையெழுத்து வைத்துவிட்டேனே, ஐயா" என்றார் அவர். நம்மவர் கையெழுத்துக்கு அஞ்சுவது போல வேறெதற்கும் அஞ்சுவதில்லை. 4ஆம் பிரிவு இதற்கு மருந்து. தடுக்கப்பட்ட பணத்தைக் கொடுக்கும்படி கூறும் நிபந்தனை குடியிருப்பவரைக் கட்டாது. ஒப்பந்தத்தின் ஏனைய பகுதி அப்படியே நிற்கும். அறையை இழக்காமலே காசை மீளக் கேட்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இச்சட்டம் குடியிருப்பவரை மட்டும் காக்கவில்லை. அவர் சார்பில் செயற்படுபவரையும், வாடகைக்குப் பிணை நிற்பவரையும் சேர்த்தே காக்கிறது. பிள்ளையிடம் கேட்கக் கூடாத பணத்தை யாழ்ப்பாணத்துத் தகப்பனிடம் கேட்டால் ஆகுமென்றோ, பிணை நிற்கும் மாமனாரிடம் விசாரணைச் செலவென்று வாங்கினால் ஆகுமென்றோ எவரும் எண்ண வேண்டாம். விசாவைப் பார்த்து வீடு பெறும் தகுதியைச் சோதிப்பது சொந்தக்காரரின் சட்டக் கடமை. அதன் செலவையும் பிள்ளை தலையில் கட்ட முடியாது.

அச்சாரம்

அச்சாரம் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். அதிகம் ஏமாறும் இடம் அது. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் ஒருவரிடமே அச்சாரம் வாங்கலாம். ஐந்து பேரிடம் வாங்கி வைத்துக்கொண்டு ஒருவருக்கு வீட்டைக் கொடுப்பதும் மற்ற நால்வரை அலைக்கழிப்பதும் சட்டத்துக்கு மாறு. வேறு நாள் எழுத்தில் குறிக்கப்படாவிடின் பதினைந்து நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். முடிந்தால் ஏழு நாளுக்குள் அச்சாரம் திரும்ப வேண்டும். அல்லது நம் சம்மதத்தோடு முதல் வாடகையிலோ பிணைப்பணத்திலோ கழிய வேண்டும். சொந்தக்காரர் மனம் மாறினால் முழுவதும் நமக்கே. நாம் பின்வாங்கினாலோ, பொய்யான விவரம் கொடுத்தாலோ, வீடு பெறும் தகுதி இல்லையென்று கண்டாலோ, செய்ய வேண்டியதை நேரத்துக்குச் செய்யாது விட்டாலோ அவர் அதை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஏன் வைத்துக்கொள்கிறார் என்று ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிடின் அந்த உரிமையும் போயிற்று. ஆதலால் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு சிறு பொய்க்கு ஒரு வாரக் காசு விலை.

ஆறு மாத முற்பணம்

நம் பிள்ளைகளை மிகவும் வாட்டியது கட்டணமுமன்று, பிணைப்பணமுமன்று. முற்பண வாடகை. "உனக்கு இங்கிலாந்தில் பிணை நிற்க ஆளில்லை, ஆறு மாத வாடகையை முன்னாலே வை" என்பார்கள். சில இடங்களில் ஓராண்டு. வாடகை என்பது அட்டவணையில் அனுமதிக்கப்பட்ட கொடுப்பனவாதலால், 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தொடவில்லை. பிணைப்பணத்துக்கு ஐந்து வாரம் என்று எல்லை கட்டியவர்கள் முற்பணத்தின் வாசலைத் திறந்தே விட்டிருந்தார்கள். காணிகள் ஈடு போனதும் இந்த வாசலால்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பிணை நிற்க ஒரு தகப்பன் இருக்கிறான். நம் பிள்ளையின் தகப்பன் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறான் என்பதற்காக விதிக்கப்பட்ட தண்டம் அது.

2025 ஒக்டோபர் 27இல் அரச இசைவு பெற்ற வாடகைக் குடியிருப்போர் உரிமைச் சட்டம் இந்த வாசலைப் பெருமளவு மூடிற்று. அதன் பிரதான விதிகள் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வருமாறு குறிக்கப்பட்டன. அதன்படி, ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் வாடகையென்று எதையும் கேட்கவும் ஆகாது, ஏற்கவும் ஆகாது. கைச்சாத்தான பின், குடியேறுமுன், ஒரு மாத வாடகை வரையே கேட்கலாம். விளம்பரம் செய்த வாடகைக்கு மேலாக ஏலம் கூற வைப்பதும், கூறியதை ஏற்பதும் தடுக்கப்பட்டன. ஆயினும் ஓர் எச்சரிக்கை. பல்கலைக்கழக விடுதிகளும், அங்கீகரிக்கப்பட்ட நடத்தைக் கோவையில் சேர்ந்த பெரிய மாணவர் விடுதிகளும், சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருப்பவர்களும் இந்த ஒரு மாத எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். எந்த வகை இருப்பிடம் என்று முதலில் கேட்டறிந்து, பிறகு பணத்தைப் பேசுங்கள். கட்டணத் தடையோ சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருப்போரையும் காக்கும்.

காசு வாங்கி "பிணை நிற்கும்" நிறுவனங்களும் முளைத்திருக்கின்றன. பிள்ளை தானே விரும்பி அவற்றை நாடலாம். ஆனால், "இந்த நிறுவனத்திடம் பிணை வாங்கினால்தான் அறை" என்று சொந்தக்காரரோ முகவரோ கட்டாயப்படுத்த முடியாது. மூன்றாம் ஆளிடம் சேவை வாங்கும்படி வற்புறுத்துவதையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

கட்டணத்தைத் தடுத்தால் அதே காசு வாடகையில் ஏறும் என்று முகவர்கள் அன்று எச்சரித்தார்கள். ஏறட்டும் என்றே வைத்துக்கொள்வோம். வாடகை விளம்பரத்தில் தெரியும். அடுத்த தெரு வாடகையோடு ஒப்பிடலாம். மாதாமாதம் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். கட்டணமோ பெட்டியோடு வாசலில் நிற்பவனிடம், திரும்பிப் போக இடமில்லாத வேளையில், ஒரே மூச்சில் கேட்கப்படுவது. இரண்டும் ஒன்றென்பவர் பெட்டியோடு வாசலில் நின்றதில்லை.

ஊர்க்காரர்

இனி இரண்டாம் நோய். அந்நாட்டில் வீடு வைத்து வாடகைக்கு விடும் நம்மவர் பலர் நேர்மையானவர்கள். வந்திறங்கிய பிள்ளைக்கு வாடகையில்லாமல் ஒரு மாதம் இடம் கொடுத்தவர்களையும் நாம் அறிவோம். அவர்களைப் பற்றியதன்று இப்பேச்சு. "நாங்கள் எல்லாம் ஒரே ஆட்கள், இதற்குள் கடதாசி எதற்கு?" என்று சொல்லி ரொக்கத்தை எண்ணி வாங்குபவரைப் பற்றியது. அந்த ஒரே ஆள் தத்துவம் காசு வாங்கும் போது மட்டுமே வெளிவருகிறது. காசைத் திருப்பிக் கேட்கும் போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. கடதாசியை மறுப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 2007 ஏப்ரல் 6 முதல், இத்தகைய குத்தகைகளில் வாங்கும் பிணைப்பணத்தை அரசு அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றில் சேர்த்தாக வேண்டும். வாங்கி முப்பது நாளுக்குள் அதைச் சேர்த்து, எத்திட்டத்தில் சேர்த்தார் என்ற விவரத்தையும் எழுத்தில் தர வேண்டும். தவறினால் நீதிமன்று பிணைப்பணத்தைத் திருப்பச் செய்வதோடு, அதன் ஒரு மடங்கு முதல் மும்மடங்கு வரை குடியிருப்பவருக்குக் கொடுக்கும்படி விதிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாத ரொக்கம் இந்தச் சட்டத்துக்குக் கண்ணில் படாத பணம். அதனாலேயே அவர் ரொக்கம் கேட்கிறார்.

"விசாவோடு இருக்கும் பிள்ளை முறைப்பாடு செய்தால் விசாவுக்கு ஆபத்து வராதா?" என்று ஒரு தாயார் சென்ற கூட்டத்தில் கேட்டார். சட்டப்படி குடியிருக்கும் ஒருவர் தம் பணத்தை மீளக் கேட்பது எந்த விசா நிபந்தனையையும் மீறுவதாகாது. கட்டணச் சட்டம் குடியுரிமை பார்த்துப் பேசவில்லை. இந்த அச்சத்தை ஊட்டுபவர் யாரென்று பாருங்கள். பெரும்பாலும் பணம் வாங்கினவரே.

முறைப்பாட்டை எங்கே செய்வது? அவ்வவ்விடத்து உள்ளூராட்சிச் சபையின் வணிகத் தரநிலைப் பிரிவிலே செய்யலாம். 2019இல் இயற்றப்பட்டபடி, முதல் மீறலுக்கு 5,000 பவுண் வரை தண்டம். ஐந்தாண்டுக்குள் மீண்டும் மீறினால் அது குற்றம், வழக்குக்குப் பதிலாக 30,000 பவுண் வரை தண்டமும் விதிக்கலாம். பணத்தைத் தாமே மீட்க விரும்புபவர் முதனிலைத் தீர்ப்பாயத்தின் ஆதனப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். இவையெல்லாம் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்சுக்கு 2019 செப்ரெம்பர் 1 முதல் தனிச் சட்டம் உண்டு. கார்டிஃபுக்குப் போகும் பிள்ளைகள் அதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

தீர்ப்பாயம் வரை போகும் தேவை பல வேளைகளில் வருவதில்லை. நம் இளைஞர் ஒரு கடிதம் எழுதினார். நாள், தொகை, எதற்கென்று கேட்டார்கள் என்ற விவரம், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர், பதினான்கு நாள் தவணை, திருப்பாவிடில் சபைக்கும் தீர்ப்பாயத்துக்கும் போவேன் என்ற ஒரு வரி, அவ்வளவே. பற்றுச்சீட்டு இல்லாவிடினும், முகவர் தொகையைக் குறிப்பிட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று அழியாமல் இருந்தது. அதன் படியை இணைத்தார். 240 பவுண் ஒரு கிழமையில் வந்தது. பிணைப்பணத்தின் மிகையான 550 பவுணுக்கு இரண்டாம் கடிதம் வேண்டியிருந்தது, அதுவும் வந்தது.

அந்தக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முற்பணம் அனுப்பிவிட்டவர்களும், ஒப்பந்தக் கடதாசியைக் கையோடு கொண்டு வந்தவர்களும், கூட்டம் கலைந்ததும் முன்வரிசையில் வந்து அமருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.